கையாளாயிருந்து கற்றவர்கள்

1794ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை ஜார்ஜ் கோட்டையை அடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில், எட்டுச் சிறுவர்களை மட்டுமே கொண்ட ஒரு நில அளவைப் பள்ளிக்கூடம் தொடங்கப்பெற்றது. அதற்குக் காரணமாயிருந்தவர் மைக்கேல் டாப்பிங் என்னும் ஆங்கிலேயர். கடற்கரைகளை அளந்து படம் வரைவதிலும் வான சாஸ்திரத்திலும் தேர்ந்தவர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்துக்கும் அவருடைய முயற்சியே மூலம். கிண்டியில் இன்று விரிந்து கிடக்கும் பொறியியற் கல்லூரி தன்னுடைய ஜனன ஆண்டாகக் கொண்டாடுவது இந்த 1794ஐத்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் இன்றைய பொருளில் கல்லூரி மாணவர்கள் அல்லர். அவர்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பயிலாட்கள். படிப்பதும் வேலை செய்வதும் அவர்களுக்கு இரண்டு காரியங்களாக இருக்கவில்லை.

கல்லூரியில் பயிலும் காலத்திலேயே ஓர் ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ சில காலம் இருந்து தொழில் பழகி வருவதும், விடுமுறை நாட்களில் ஊதியம் கருதாது கிராமங்களுக்குச் சென்று உழைத்து வருவதும், இன்டர்ன்ஷிப் என்றும் கேம்ப் என்றும் பிள்ளைகள் வாயில் வழங்குவதால், நம் காலத்தில் மேனாட்டிலிருந்து வந்திறங்கிய புது வழக்கங்கள் என்று எண்ணுவோர் பலர். பெயர் புதியதாக இருக்கலாம், வழக்கம் பழையது. அந்தப் பழமையை ஆராயப் புகும்போது எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. மாணாக்கன் செய்த வேலை பிறருக்கு மெய்யாகவே தேவைப்பட்ட இடங்களில் அவன் கற்றுக்கொண்டான். அவனுக்கென்று வேலையை உண்டாக்கிக் கொடுத்த இடங்களில் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினான். இது என் அபிப்பிராயந்தான். சரித்திரம் இதற்கு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது என்று பார்க்கலாம்.

டாப்பிங்குக்குப் பையன்கள் கிடைத்த இடம் எழும்பூரில் 1789இல் ஏற்பட்டிருந்த இராணுவ அநாதைச் சிறுவர் விடுதி. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்து, தந்தையரைப் போரிலும் நோயிலும் இழந்த குழந்தைகளுக்காக அமைந்தது அது. அதன் தலைமையை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஒரு நாள் காலையில் வழியிலே ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மணலில் எழுத்துப் பழகுவதும், முன்னே படித்த சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும், வாத்தியார் சற்றே கண்ணயர்ந்தாலும் பாடம் தடையின்றி நடப்பதும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவை. பெல் அதைத் தம் விடுதிக்குக் கொண்டு போனார். அங்கிருந்த உபாத்தியாயர்கள் மணலில் எழுதுவிப்பதைத் தங்கள் கௌரவத்துக்குக் குறைவாகக் கருதியபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனையே கீழ் வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் லண்டனில் அவர் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பரவிற்று; ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே வழங்குகிறது. ஐரோப்பாவுக்குச் சென்ற புகழில் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு பங்கு உண்டு. அதை அவன் ஒருபோதும் அறிந்திருக்கமாட்டான்.

இவ்வாறு, பிறருக்குக் கற்பித்தே தாம் கற்ற பையன்களுள் சிலர் டாப்பிங்கிடம் வந்தார்கள். 1796ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மசூலிப்பட்டணத்தில் டாப்பிங் காய்ச்சலால் இறந்துபோகவே, அவர் ஸ்தானத்துக்கு வந்த ஜான் கோல்டிங்காம் பள்ளியை நடத்தினார். பகலெல்லாம் சங்கிலியையும் கொடியையும் சுமந்து வயலிலும் காட்டிலும் அலைந்து, கோணங்களைக் குறித்து, இருட்டிய பின் விளக்கடியில் அந்தக் குறிப்புகளைக் கணக்காக்கிப் படமாக்குவதே அளவைத் தொழிலின் இயல்பு. ஆகையால் பாட புத்தகம் என்று தனியாக ஒன்றை வைத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போட வேண்டிய அவசியம் அங்கே எழவில்லை. கம்பெனிக்கும் இதில் பரோபகார சிந்தை ஒன்றும் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் உத்தியோகஸ்தருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் சிறு பகுதியைக் கொண்டே இந்தப் பையன்களை வேலை வாங்கலாம். இந்த வெயிலும் அவர்களுக்குப் பழகியது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கப் புறப்பட்ட காலின் மெக்கன்சிக்கு இப்பள்ளியின் பிள்ளைகளே கைகளும் கண்களுமாக இருந்தார்கள்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் தம் புகழ்பெற்ற அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரே கோட்டை அளந்து முடிக்க ஐம்பத்தேழு நாட்கள் சென்றன. நூறடிச் சங்கிலி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, உஷ்ணமானி வைத்துப் பார்த்து, மயிரிழை பிசகாமல் நகர்த்தினார்கள். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு: சீனச் சக்கரவர்த்திக்கு ஆங்கிலத் தூதுக்குழு கொண்டு சென்ற காணிக்கைகளில் ஒன்றாயிருந்து, அங்கே வேண்டப்படாமல் கல்கத்தாவுக்குத் திரும்பி, லாம்ப்டன் கைக்கு விலைக்கு வந்தது அது. இந்தக் கோட்டில் ஓர் அங்குலம் பிழைத்தால், அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி இமயம் வரை செல்லவிருந்த அளவை முழுவதும் பிழைத்துவிடும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள பெருங்கருவி சுவரில் மோதிச் சிதைந்தபோது, லாம்ப்டன் கூடாரத்தில் அடைந்து கிடந்து வாரக்கணக்காக அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். இத்தகைய மனிதரின் கீழ் உதவியாளராயிருந்தவர்களுள் ஜோஷுவா டி பென்னிங் என்பவர் நம் அளவைப் பள்ளியிலிருந்து வந்த பயிலாள். பிற்காலத்தில் கல்கத்தாவில் அந்த அளவையின் கணக்கர்களுக்குத் தலைவராக விளங்கினார். அநாதை விடுதியில் வளர்ந்த ஒருவர் அந்த நிலைக்கு உயர்ந்ததற்கு அவருடைய புத்தி ஒரு காரணம். அவர் எழுதிய எண் தவறினால் கேட்பதற்கு மேலே ஒருவர் இருந்தார் என்பது அதனினும் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பள்ளி பின்னர் பல பெயர்களைத் தாங்கிப் பல இடங்களுக்கு மாறிற்று. 1859இல் சிவில் என்ஜினீயரிங் கல்லூரியாயிற்று. 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரியாக உயர உயர, சங்கிலி தூக்கிய காலம் சுருங்கி, கரும்பலகையின் முன் உட்கார்ந்த காலம் நீண்டது. உயர்வுக்கு எங்கும் இப்படி ஒரு விலை உண்டு போலும்.

கம்பெனியார் பையன்களுக்குப் பத்திரம் எழுதி வாங்கியது போன்ற ஏற்பாடு ஒன்றுமின்றியே, காவிரிக்கரையில் வேறொரு வகைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 1871இல் உ. வே. சாமிநாதையர், பதினேழு வயது நிரம்பாத இளைஞராக, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். அங்கே சம்பளமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பிள்ளையவர்கள் புராணங்களை இயற்றும் முறை விசித்திரமானது: தாமே எழுத்தாணியைக் கையில் எடுப்பது அரிது, செய்யுளை மனத்திலே அமைத்துச் சொல்லிக்கொண்டே போவார், அருகிலிருக்கும் மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். எழுதுகிறவன் ஒரு சீரைத் தவறவிட்டால் அந்தச் செய்யுளே போய்விடும். ஆதலால் எழுதுகிறவனுக்கு யாப்பு தெரிந்திருக்க வேண்டும், சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த அடியில் எதுகை எங்கே விழும் என்பதை எதிர்பார்க்கும் காதும் வேண்டும். இந்த மூன்றும் எழுதி எழுதியே வரும். திருப்பெருந்துறைப் புராணம் உருவான காலத்தில் ஐயர் ஆசிரியரோடு அத்தலத்துக்கே சென்று தங்கியிருந்தார். 1876இல் ஆசிரியர் காலமாகும்வரை நீடித்த இந்தக் கையாள் வாழ்வே, பின்னால் சிதைந்த ஏடுகளில் மறைந்து கிடந்த பாடங்களை ஊகித்துக் காணும் கண்ணை அவருக்குக் கொடுத்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியபோது, அந்தப் பதிப்பைச் செய்தவருக்கு வேறு எந்தப் பட்டமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

குருகுலத்தைப் போற்றிப் பேசுவோர் இத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் சங்கீத வித்துவான்களின் வீடுகளில் ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் இறைத்தும் துணி துவைத்தும் கால் பிடித்தும், ஒரு வர்ணத்தை முழுவதாகப் பெறாமல் ஊர் திரும்பிய பிள்ளைகளும் இல்லாமலில்லை. அவர்கள் செய்த வேலையும் தேவையான வேலைதான், ஆனால் அது வித்தைக்குத் தேவையான வேலையன்று; வீட்டுக்குத் தேவையானது. மேற்படி என் அபிப்பிராயத்தில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வைத்திய வித்தையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. நோயாளி இல்லாமல் வைத்தியம் படிக்க ஒருவராலும் முடியாது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியோடு இணைந்த மருத்துவப் பள்ளி 1835 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது அதில் சேர்ந்தோர், இராணுவ ஆஸ்பத்திரிகளில் மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பழகி வந்த பயிலாட்களின் வர்க்கத்தினரே. 1850இல் அது கல்லூரியாயிற்று. 1875இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாதும் வேறு மூன்று பெண்களும் அங்கே சேர்ந்தது அந்தக் காலத்தில் பெரும் புதுமை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். படிப்பு முடிந்தும் முடியாத அந்த இடைக்காலத்தில், இரவில் எழுப்பினால் எழுந்து ஓட வேண்டிய அந்த உத்தியோகத்தில், பிரசவ வேதனையோடு வந்து கிடந்த ஏழைப் பெண்களை அவர் கண்டார். பிற்காலத்தில் சட்டசபையில் தேவதாசி முறை ஒழிப்புக்கும் பெண்களின் திருமண வயதை உயர்த்துவதற்கும் அவர் வாதாடியதையும், ஔவை இல்லத்தையும், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி நிறுவியதையும் நாம் அறிவோம். ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பழகிய ஆண்டு சட்டத்தில் போய் முடியும் என்று 1912இல் யார் கண்டார்கள்?

தொண்டும் தொழிற்பயிற்சியும் ஒன்றில் ஒன்று கரைந்துபோன இடம் என்று தமிழ்நாட்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் வேலூரைக் காட்டுவேன். இராணிப்பேட்டையில் 1870இல் மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் தம் தந்தையோடு தங்கியிருந்த ஓர் இரவில், மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அழைத்தார்கள். ஆண் வைத்தியரை அனுமதிக்க அவர்களில் ஒருவரும் இசையவில்லை. வைத்தியம் படிக்காத அந்தப் பெண்ணால் போக முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்தச் செய்தி பலரால் பல முறை சொல்லப்பட்டது. இதைக் காட்டிலும் என் மனத்தை ஈர்ப்பது, அமெரிக்காவில் வைத்தியம் படித்து 1900இல் திரும்பிய பின் அவர் கைக்கொண்ட முறை. ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவர்களை நோக்கி ஆஸ்பத்திரி போகவேண்டும் என்று, வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி, பின்னர் ஒரு மோட்டார் வண்டி. வழியில் குறித்த மரத்தடிகளில் குறித்த நேரத்தில் ஜனங்கள் கூடியிருப்பார்கள், வண்டி நிற்கும், மருந்துப் பெட்டி இறங்கும், புண்ணைக் கழுவுவதும் பல்லைப் பிடுங்குவதும் கண்ணுக்குச் சொட்டு விடுவதும் மரத்தடியிலேயே நடக்கும். ரோட்சைடு என்று வேலூரார் வழங்கும் இந்தச் சாலையோர வைத்தியத்துக்கு உடன் சென்றவர்கள் முதலில் நர்சுப் பயிற்சி பெறும் பெண்கள். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபின், மருத்துவ மாணவியரும்.

அந்தப் பள்ளியைத் தொடங்க அநுமதி கொடுத்த ஆங்கில அதிகாரி, ஆண்களே தேறுவது அரிதாயிருக்கும் பரீட்சையில் இந்தப் பெண்கள் தேறுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம் என எச்சரித்ததாகவும், முதலாண்டுத் தேர்வு முடிவு வந்தபோது பரீட்சை எழுதிய பதினான்கு மாணவியரும் தேறியிருந்ததாகவும் வேலூரில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். புத்தகத்தில் தொழுநோயைப் படித்துவிட்டு மரத்தடியில் அதைத் தொட்டுப் பார்ப்பதற்கும், மரத்தடியில் தொட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்த மாணவியர் அறிந்திருப்பார்கள். அதோடு, மரத்தடியில் கைகள் எப்போதும் போதாமலே இருந்தன. மாணவி என்பதற்காக ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தி வேடிக்கை பார்க்கச் சொல்ல அங்கே யாருக்கும் அவகாசம் இருந்ததில்லை. இன்றைக்கும் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவர்களைப் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்துக்கு அனுப்பிச் சில வாரங்கள் தங்கவைக்கிறார்கள்.

கோயம்புத்தூரின் கதை வேறு சுருதியில் அமைந்தது. அந்த ஊருக்கு இயந்திரத்தின்மேல் இயல்பாகவே ஒரு பிரீதி உண்டு. 1926இல் ஏற்பட்ட பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனத்தின் தொழிற்கூடத்தில் பம்புகளும் மோட்டார்களும் உருவாயின. அதன் அருகிலேயே 1951இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தது. ஜி. ஆர். தாமோதரன் அதற்குத் தலைவராயிருந்த காலத்தில், பட்டறைக்கும் வகுப்புக்கும் இடையே மாணவர் மாறி மாறிச் செல்லும் சாண்ட்விச் கோர்ஸ் என்ற முறை அங்கே வேரூன்றிற்று. குடியானவன் காசு கொடுத்து வாங்கிக் கிணற்றில் இறக்கப்போகும் பம்பில் மாணவன் கை வைக்கிறான். அது தண்ணீர் இறைக்காவிட்டால் மதிப்பெண் குறைவதோடு விஷயம் முடியாது.

அதே ஊரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடுவோ இந்தச் சமரசத்தையும் பொறுக்காதவர். பள்ளிப் படிப்பை வெறுத்து ஓடி, ஹோட்டலில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே இயந்திர நுட்பத்தைக் கற்றவர் அவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கியவர். 1945இல் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் அவர் முயற்சியால் ஏற்பட்டன. நான்கு ஆண்டுப் பொறியியற் படிப்பு வீண் காலக்ஷேபம், முறையாக வேலை வாங்கினால் இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்று அவர் வற்புறுத்தினார். சர்க்கார் இசையாததால் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அவர் சொன்னது முழுதும் சரியென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நாயுடுவைப் போன்றவருக்கு இரண்டு ஆண்டுகூட அதிகந்தான். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, தொண்டின் பக்கம் வருவோம். காந்தியடிகள் மாணவர்களிடம் பேசிய இடங்களிலெல்லாம் விடுமுறையைக் கிராமத்துக்குக் கொடுங்கள் என்று வேண்டினார். அந்த வேண்டுகோளைக் கட்டடமும் பாடத்திட்டமுமாக்கிய இடங்களில் ஒன்று, திண்டுக்கல்லுக்கும் சின்னாளப்பட்டிக்கும் அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. மாணவர்கள் சாந்தி சேனையில் சேர்வதும், படிப்பின் ஒரு பகுதியாகக் கிராமத்திலேயே சென்று தங்குவதும் அதன் வழக்கங்களாயின. கிராமத்தைத் தத்தெடுக்கிறோம் என்று பட்டணத்துக் கல்லூரிகள் பிற்காலத்தில் சொல்லக் கற்றுக்கொண்டதைக் காந்திகிராமத்தார் சொல்லவில்லை. அவர்கள் கிராமத்திலேயே இருந்தார்கள்.

தேசமனைத்துக்கும் பொதுவாக இதை ஏற்பாடு செய்வது எப்படி என்று டில்லியில் நடந்த ஆலோசனை இருபது ஆண்டுகள் நீண்டது. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49இல் கூடிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் சேவை விருப்பத்தின்பேரில் இருக்கவேண்டும் என்றது. 1959இல் சி. டி. தேஷ்முக் குழுவோ ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய சேவை வேண்டும் என்று எழுதிற்று. அத்தனை லட்சம் பிள்ளைகளுக்கு எங்கே சோறு, எங்கே வேலை என்று கணக்குப் பார்த்ததும் அது கைவிடப்பட்டது. பல தேசங்களின் முறைகளை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன் மறுபடியும் விருப்பத்தின் பக்கமே நின்றார். இடையே சீனப் படையெடுப்பு வந்து, 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு தேசிய மாணவர் படை கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு: 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராயிருந்த நாளில், அந்தப் படையில் இந்தி ஆணைச்சொற்களை ஏற்பதில்லை என்று நம் சட்டமன்றம் தீர்மானித்தது. அதே காலத்தில் அண்ணா, கிராமங்களில் பொதுவேலை செய்யச் சீரணி என்ற தொண்டர் படையைத் தோற்றுவித்தார். மெரினாவில் அரசியல் கூட்டங்கள் நடந்த சீரணி அரங்கத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்தப் பெயரின் பின்னே மண்வெட்டி பிடித்த இளைஞர் இருந்ததை நினைப்பதில்லை.

காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24ஆம் நாள் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். கோனார்க் தேர்ச்சக்கரம் அதன் சின்னம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஒரு சிறப்பு முகாம் என்பது விதி. மணிக்கணக்கை வைத்த கமிட்டியின் சங்கடம் எனக்குப் புரிகிறது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஓர் அளவுகோல் இல்லாமல் எப்படி? ஆயினும், மணி எண்ணப்படத் தொடங்கிய நாள் முதல், தேவையற்ற வேலைக்கும் தேவையான வேலைக்கும் பதிவேட்டில் ஒரே மதிப்பு வந்துவிட்டது.

நான் கல்லூரியில் படித்த நாட்களில் அத்தகைய முகாம் ஒன்றில் இருந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுக்கை. பெரிய அண்டாவில் சாம்பார் சாதம். காலையில் நாங்கள் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அந்தச் சுவருக்குப் பொங்கலின்போதுதான் வெள்ளையடித்தது என்று தலைமையாசிரியர் பிறகு சொன்னார், சிறிதும் ஏளனமின்றி. பிற்பகலில் ஏரிக்கு வரும் வரத்துக்காலைத் தூர் வாரப் போனோம். அது மெய்யாகவே தூர்ந்து கிடந்தது. மழைக்கு முன் முடிக்காவிட்டால் கீழ்வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே ஊர்ப் பெண்களும் எங்களோடு மண் எடுத்தார்கள். மம்பட்டியை நான் பிடித்த அழகைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி, “அப்படிப் புடிச்சா நாளைக்கு எந்திரிக்கமாட்ட தம்பி” என்று வாங்கி, இடுப்பை வளைக்காமல் காலைப் பரப்பி வெட்டும் விதத்தைக் காட்டினாள். கூடையைத் தலையில் வைக்குமுன் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டும் வகையையும் கற்றுக் கொடுத்தாள். முகாமில் எங்களுக்குச் சொற்பொழிவாற்ற வந்த பெரியவர்கள் சொன்னவற்றில் ஒன்றும் இன்று நினைவில்லை. அந்த வாய்க்காலின் அகலத்தை மட்டும் இன்றும் கையால் காட்ட என்னால் முடியும்.

தொழிற்பயிற்சிக்குச் சட்டம் வந்தது 1961இல். ஆலைகள் தங்கள் அளவுக்கேற்பப் பயிலாட்களை எடுத்துக்கொள்ளவும், அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கவும் பயிலாட்கள் சட்டம் கட்டளையிட்டது; முதலில் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கே பெரிதும் பயன்பட்ட அது, 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியற் பட்டதாரிகளுக்கும் டிப்ளமா பெற்றவர்களுக்கும் விரிந்தது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பட்டதாரிப் பயிலாளுக்குத் தரும் தொகையில் ஒரு பாதியை மத்திய சர்க்கார் ஆலைக்குத் திருப்பித் தருவது அதன் ஏற்பாடு. 2022இல் தமிழக அரசு, மாணவர்களுக்குத் தொழில்திறன் பழக்கும் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு ஐந்நூறு பெருங் கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப், மாதம் ரூ. 5,000 என்று அறிவித்தார்கள். உதவித்தொகை கொடுக்கச் சட்டத்தால் முடிகிறது, இடம் ஒதுக்கவும் முடிகிறது. அந்த இடத்தில் பயிலாளுக்காகக் காத்திருக்கும் வேலை ஒன்று உண்டா என்பதைச் சட்டம் எழுதியவர்கள் பட்டறைத் தலைவரிடம் விட்டுவிட்டார்கள். வேறு யாரிடம் விட முடியும்?

பட்டதாரிப் பயிலாட்கள் அன்றாடம் செய்த வேலையை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும் என்பது விதி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட நோட்டுகளில் கையெழுத்திட்டு ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், பையன் முகத்தைப் பார்க்காமலே நோட்டைப் பார்த்து அவன் நிலையைச் சொல்லிவிடலாம் என்பார். ‘இன்று கடைசல் இயந்திரம் இயங்குவதைக் கவனித்தேன்’ என்று பக்கம் பக்கமாக அழகான கையெழுத்தில் எழுதியிருந்தால், அவனை ஒருவரும் இயந்திரத்தின் அருகே விடவில்லை என்று அர்த்தமாம். ‘ஷாஃப்டில் அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்துவிட்டேன், ஃபோர்மன் திட்டினார், மறுபடி வேறொன்று செய்தேன்’ என்று மசி படிந்த விரலடையாளத்தோடு ஒரு பக்கம் இருந்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவாராம். முதல் வகை நோட்டு வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு ஃபோர்மனைத் தேடிப் போவது அவர் வழக்கம்.